ஒரு மா வயலும் கைப்பேசிக் கோடும்: வரைபடச் செயலியில் பரப்பளவு மிகுந்து காட்டிய நிகழ்வின் ஆய்வு

பின்னணி

காவிரிப் படுகையின் கீழ்ப்பகுதியில் இயங்கும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், தன் உறுப்பினர்களின் நெல்வயல்களுக்கு டிரோன் மூலம் மருந்து தெளித்துக் கொடுக்கிறது. கட்டணம் ஏக்கர் கணக்கில். முன்பதிவு, வயலின் பரப்பளவு, ரசீது ஆகிய மூன்றும் ஓர் ஆண்ட்ராய்டு செயலியில் நடக்கின்றன. டிரோனை ஓட்டும் இளைஞர் வயலுக்குப் போய், செயலியில் செயற்கைக்கோள் படத்தின்மேல் வயலின் மூலைகளைத் தொட்டுக் குறிப்பார். செயலி அம்மூலைகளை இணைத்து, உள்ளே பச்சை வண்ணம் நிரப்பி, பரப்பளவைச் சென்ட்டில் காட்டும். அந்த எண்ணே ரசீதுக்குப் போகும். தொட்டியில் எவ்வளவு மருந்து கலப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கும்.

செயலியை எழுதியது ஒரு சிறிய மென்பொருள் குழு. சம்பா பருவத்தின் நடுவில், செயலி காட்டும் பரப்பளவு மிகுதியாக இருக்கிறது என்ற புகார் அடுத்தடுத்து வந்தபோது, வெளியிலிருந்து நிரலைப் பார்த்துச் சொல்லும்படி அழைக்கப்பட்டவன் நான். இதில் தொடர்புடையவர்களின் பெயர்களும் ஊர்ப்பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

டெல்டாவில் வயலை இன்னமும் மாக்கணக்கில்தான் பேசுகிறார்கள். 100 குழி ஒரு மா, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஒரு மா என்பது 33 சென்ட். பட்டாவில் அதே நிலம் ஹெக்டேரும் ஏருமாக எழுதப்பட்டிருக்கும். ஆகவே ஒரு விவசாயியின் மனத்தில் மா, கையில் உள்ள பட்டாவில் ஏர், ரசீதில் சென்ட் என்று மூன்று அளவுகள் நடமாடின. முதலில் வந்த புகார்களை, அளவு மாற்றுவதில் வந்த குழப்பம் என்று நிறுவனம் ஒதுக்கிவிட்டதற்கு இதுவே காரணம். முதியவர் ஒருவர் டிரோன் ஓட்டுநரிடம் சொன்னது மட்டும் நிறுவனக் கூட்டத்தில் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லப்பட்டது: “தாத்தா காலத்துலேர்ந்து இது ஒரு மாதான் தம்பி. உன் போனுலதான் வளர்ந்துகிட்டே போவுது.”

அவருடைய வயலையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். பட்டாவில் அதன் பரப்பு 0.13.50, அதாவது பதின்மூன்றரை ஏர். டேப் பிடித்து வரப்பின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தபோது நீளம் 60 மீட்டர், அகலம் 22.5 மீட்டர். பெருக்கினால் 1,350 சதுர மீட்டர், பட்டாவோடு ஒத்துப்போகிறது. சென்ட்டில் 33.4. செயலி காட்டியதோ 38.9.

முதல் ஐயம்: சூத்திரம்

பரப்பு தவறாக வந்தால் நிரலர்கள் முதலில் சூத்திரத்தைத்தான் சந்தேகிப்பார்கள். இங்கே அந்தச் சந்தேகம் பாதி சரியாகவே இருந்தது. மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை வெப் மெர்க்கேட்டர் தளத்துக்கு மாற்றி, அந்தத் தட்டையான தளத்தில் பலகோணத்தின் பரப்பை முந்தைய நிரல் கணக்கிட்டிருந்தது. வெப் மெர்க்கேட்டர் என்பது வரைபடத் துண்டுகளைத் திரையில் அடுக்குவதற்கான ஏற்பாடு. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அதில் எல்லாம் பெரிதாகும். நீளம் எவ்வளவு மடங்கு பெருகுகிறதோ, பரப்பு அதன் வர்க்க மடங்கு பெருகும்.

தஞ்சை வட்டாரத்தின் அட்சரேகை 10.8 டிகிரி என்று கொண்டால், இந்தப் பெருக்கம் 3.6 விழுக்காடு. இதே நிரலை தில்லியில் ஓட்டியிருந்தால் பரப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகக் காட்டியிருக்கும். சோதனை செய்த முதல் நாளே பிடிபட்டிருக்கும். தெற்கே இருப்பதால் பிழை சிறியதாகி, நம்பத்தக்க எண்ணாக வேடமிட்டு நிற்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் சோதிக்கப்படும் செயலிகளில் இந்தத் தவறு நெடுநாள் உயிரோடு இருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை என்றே கருதுகிறேன்.

பூமியைக் கோளமாகக் கொண்டு பரப்பைக் கணக்கிடும் செயற்கூறு, கூகுள் மேப்ஸின் ஆண்ட்ராய்டு துணை நூலகத்தில் ஆயத்தமாகவே கிடைக்கிறது. குழு அதற்கு மாறியது. பூமி முழுக்கோளம் அல்லாததால் நம் அட்சரேகையில் அந்தச் செயற்கூறும் சுமார் 0.4 விழுக்காடு கூட்டிக் காட்டும். ஒரு மா வயலில் அது சென்ட்டில் எட்டில் ஒரு பங்கு. அதற்கு மேல் நுணுக்கம் பார்ப்பது இந்த வேலைக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டோம்.

முதியவரின் வயல் 38.9-லிருந்து 37.5 சென்ட்டுக்கு இறங்கியது. குழுவினர் சிக்கல் தீர்ந்ததாகக் கருதி, திருத்திய செயலியை வெளியிட்டுவிட்டனர். புகார்கள் நிற்கவில்லை. மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருந்தவர்கள் அமைதியாகிவிட, ஒரு மா, இரண்டு மா வைத்திருந்தவர்கள் மட்டும் தொடர்ந்து வந்தார்கள். எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த தடயம் இதுதான்.

வயலில் கண்டது

சூத்திரத்தில் பிழையிருந்தால் சிறிய வயலும் பெரிய வயலும் ஒரே விகிதத்தில் மிகும். சிறிய வயல் மட்டும் அதிகமாக மிகுகிறது என்றால், பிழை ஓரத்தில் இருக்கிறது என்று பொருள். ஏனெனில் ஓரத்தின் நீளத்துக்கும் உள்ளே அடங்கும் பரப்புக்கும் உள்ள விகிதம் சிறிய வயலில்தான் பெரியது. முதியவரின் 60 மீட்டருக்கு 22.5 மீட்டர் வயலில், கோட்டை நாற்புறமும் ஒரு மீட்டர் வெளியே தள்ளிப் போட்டால் 62-ஐ 24.5-ஆல் பெருக்க வேண்டும். 1,519 சதுர மீட்டர் வரும். கூடுதல் 12.5 விழுக்காடு. சதுரமான ஐந்து ஏக்கர் வயலில் அதே ஒரு மீட்டர் தள்ளலால் வரும் கூடுதல் 2.8 விழுக்காடுதான்.

கணக்கு காகிதத்தில் ஒத்துப்போனது. ஆனால் எல்லா ஓட்டுநர்களும் ஏன் வெளிப்பக்கமாகவே தவறுகிறார்கள்? கை தடுமாறினால் சில மூலைகள் உள்ளேயும் சில வெளியேயும் விழுந்து, கூட்டிக் கழித்துச் சமமாகியிருக்க வேண்டும். ஓட்டுநர்கள் வேண்டுமென்றே கூட்டுகிறார்கள் என்று நிறுவன இயக்குநர்களில் ஒருவர் ஐயப்பட்டார். ஏக்கர் கணக்கில் அவர்களுக்கும் ஊக்கத்தொகை உண்டு. அந்த ஐயம் நியாயமற்றது என்று காட்ட, வரையும்போது அருகில் நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வரப்பில் நின்றபடி ஓர் ஓட்டுநர் வரைவதைப் பார்த்தேன். ஜூம் 18-இல் (எண் கூடக் கூட வரைபடம் நெருங்கித் தெரியும்) வயல் முழுவதும் திரையில் தெரிந்தது. பெரும்பாலோர் அந்த அளவிலேயே வரைந்துவிடுகிறார்கள். அந்த ஜூமில் திரையின் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் ஏறத்தாழ 3.7 மீட்டர். விரல் நுனியோ திரையில் ஏழெட்டு மில்லிமீட்டரை மறைக்கும். முதல் மூலையைத் தொட்டார். குறி வரப்பின் மேலே விழுந்தது. இரண்டாவது மூலையைத் தொட்டதும் இரண்டுக்கும் இடையில் கோடு தோன்றியது. அந்தக் கோடு வரப்பை முழுமையாக மூடிவிட்டது. தான் வரப்பின்மேல்தான் கோடு போட்டிருக்கிறோமா என்று பார்க்க அவருக்கு வழியில்லை. உடனே அவர் குறியை அழுத்திப் பிடித்து, மெல்ல வெளியே இழுத்தார். கோட்டுக்கு உள்பக்கமாக வரப்பு ஒரு மெல்லிய கீற்றாகத் தெரிந்ததும் விரலை எடுத்தார். “இப்பத் தெரியுது சார், வரப்பு உள்ளாற இருக்கு,” என்றார்.

வரப்பைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளவே கோட்டை அவர் வெளியே நகர்த்தினார். உள்பக்கம் நகர்த்தியிருந்தாலும் வரப்பு தெரிந்திருக்குமே என்று கேட்கலாம். உள்பக்கம் பச்சை நிரப்பு இருந்தது. வரப்புக்கும் பயிருக்கும் உள்ள வேறுபாட்டை அது அழித்துவிட்டிருந்தது. கோட்டைத் தள்ள வெளிப்பக்கம் ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியது.

கோடு ஏன் அவ்வளவு தடிமன் என்று நிரலில் பார்த்தால், 10 என்று எழுதியிருந்தது. கூகுள் மேப்ஸின் ஆண்ட்ராய்டு எஸ்டிகேயில், அதாவது செயலி எழுதுவோருக்கான கருவித்தொகுப்பில், பலகோணத்தின் கோட்டுத் தடிமன் திரைப் பிக்சலில் கொடுக்கப்படுகிறது. திரையின் அடர்த்திக்கு ஏற்ப அது தானாக மாறாது. நிரலரின் உயர்ரகக் கைப்பேசியில், ஓர் அங்குலத்துக்கு 480 பிக்சல் உள்ள திரையில், ஜூம் 18-இல் அந்தக் கோடு நிலத்தில் 2 மீட்டரை மூடும். ஓட்டுநர்களின் விலை குறைந்த கைப்பேசியில், 320 பிக்சல் உள்ள திரையில், 2.9 மீட்டரை மூடும். வரப்பின் அகலமோ இரண்டடி. கோட்டின் பாதித் தடிமன் எல்லைக்கு உள்ளும் பாதி வெளியிலும் விழும் என்பதால், வரப்பைப் பார்க்க வேண்டுமென்றால் குறியை ஒன்றரை மீட்டராவது தள்ளியாக வேண்டும். ஜூமைக் கூட்டி வரைந்தவர்கள் குறைவாகத் தள்ளினார்கள், கூட்டாதவர்கள் அதிகம் தள்ளினார்கள். தள்ளிய பக்கம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே.

இன்னொரு சான்று தொட்டியில் இருந்தது. ஏக்கருக்கு 10 லிட்டர் என்ற கணக்கில் 38.9 சென்ட்டுக்குக் கலந்தால் 3.9 லிட்டர். பயிர் நிற்கும் இடம் மட்டும் 32 சென்ட்தான், அதற்கு 3.2 லிட்டர் போதும். ஒவ்வொரு சிறிய வயலிலும் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக மருந்து மீந்ததை ஓட்டுநர்கள் பருவத்தின் தொடக்கத்திலிருந்தே பார்த்து வந்திருக்கிறார்கள்; மீந்ததை வரப்போரம் அடித்துத் தீர்த்திருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பரப்பு குறைவாகக் காட்டிய வயல்களும் சில இருந்தன. அவற்றில் மூலைகள் வரிசை மாறித் தொடப்பட்டு, கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் பட்டாம்பூச்சி வடிவம் பெற்றிருந்தன. வெட்டிக்கொள்ளும் பலகோணத்தில் ஒரு பாதியின் பரப்பு கூட்டலாகவும் மறுபாதி கழித்தலாகவும் கணக்கில் வரும். செவ்வக வயலில் அடுத்தடுத்த இரு மூலைகள் இடம் மாறினால் மொத்தம் சுழியத்துக்கே வந்துவிடும். இவற்றைப் பற்றிப் புகார் எதுவும் வந்திருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் தீர்க்க வேண்டியிருந்தது நிரல் அல்லாத ஒரு கேள்வி: கோடு எங்கே ஓட வேண்டும்? பட்டாப்படி கட்டணம் வாங்கலாம், படமே வேண்டாம் என்று ஒரு தரப்பு சொன்னது. அதை நிறுவனம் ஏற்கவில்லை. டெல்டாவில் குத்தகைச் சாகுபடி மிகுதி. ஒரே பட்டாவைப் பலர் பிரித்துப் பயிரிடுவதும், பட்டாவுக்குள் களம், போர்வெல் கொட்டகை, தென்னந்திட்டு ஆகியவை கிடப்பதும் வழக்கம். மருந்து அடிப்பது பயிருக்கு. ஆகவே வரப்பின் உள்ளடி, அதாவது பயிர் தொடங்கும் இடமே கோடு என்று கூட்டத்தில் முடிவானது. முதியவரின் வயலில் அது 59.4-க்கு 21.9 மீட்டர், 32.1 சென்ட்.

அடுத்து, தொட்டுக் குறிக்கும் முறை கைவிடப்பட்டது. திரையின் நடுவில் ஒரு கூட்டல் குறி அசையாமல் நிற்க, ஓட்டுநர் வரைபடத்தை அதன் அடியில் நகர்த்தி, மூலை குறிக்குக் கீழே வந்ததும் திரையின் அடிப்பகுதியில் உள்ள பொத்தானை அழுத்துகிறார். விரல் எந்த இடத்தையும் மறைப்பதில்லை. இழுத்து வரையும் முறையில் வரைபடம் நகர்கிறதா, கோடு வரைகிறதா என்று ஏற்படும் இழுபறியும் இதில் இல்லை. ஜூம் 19-க்குக் கீழே பொத்தான் மங்கிக் கிடக்கும். ஜூம் 20 என்று வைத்திருக்கலாமே என்ற கருத்து எழுந்தது. சில கிராமங்களில் அந்த அளவுக்குத் தெளிவான படம் இல்லை என்பதால் 19-ஓடு நிறுத்தினோம்.

கோட்டின் தடிமன் திரை அடர்த்திக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டு, எந்தக் கைப்பேசியிலும் ஒரே அளவில் மெல்லியதாகத் தெரியும்படி மாற்றப்பட்டது. வெளிர்நிறக் கோட்டின் அடியில் சற்று அகலமான கருநிறக் கோடு ஒன்று வைக்கப்பட்டது. பச்சைப் பயிரிலும் தரிசு மண்ணிலும் தெரிய வேண்டுமே. வரைந்துகொண்டிருக்கும்போது நிரப்பு அறவே கிடையாது. வரைந்து முடித்த பிறகே, ஒளிபுகாமை 255-க்கு 51 என்ற அளவில் மெல்லிய வண்ணம் நிரம்பும். மொத்த மாற்றங்களில் மிகுந்த பலன் தந்தது இந்த ஒன்றுதான் என்பது என் மதிப்பீடு. எழுத எடுத்துக்கொண்ட நேரமும் இதற்கே மிகக் குறைவு.

கோடுகள் வெட்டிக்கொண்டால் வெட்டும் இரு கோடுகளும் சிவந்து, சேமிக்கும் பொத்தான் பூட்டிக்கொள்ளும். களம், கிணறு போன்றவற்றை வயலுக்குள் துளைகளாக வரைய வசதி சேர்க்கப்பட்டது. துளை முழுவதும் வெளிக்கோட்டுக்குள் அடங்கியிருக்கிறதா என்று செயலியே சரிபார்க்கிறது.

வரப்பைச் சுற்றி நடந்து ஜிபிஎஸ் மூலம் எல்லையைப் பதிவு செய்யும் முறையைச் சேர்க்க வேண்டும் என்று ஓட்டுநர்கள் பெரிதும் விரும்பினார்கள். திறந்த வெளியிலும் சாதாரணக் கைப்பேசியின் இடக்கணிப்பு சுமார் 5 மீட்டர் வரை விலகக்கூடும். ஒரு மீட்டர் விலகலே ஒரு மா வயலை எட்டில் ஒரு பங்கு மாற்றிவிடும் என்பதை மேலே பார்த்தோம். ஆகவே ஓர் ஏக்கருக்குக் குறைந்த வயல்களுக்கு அது மறுக்கப்பட்டது. பெரிய வயல்களில், அதுவும் செயற்கைக்கோள் படம் பழையதாகி வரப்புகள் மாறிவிட்ட இடங்களில் மட்டும் அனுமதிக்கப்பட்டது. ஒரே வயலில் சில மூலைகளைப் படத்தைப் பார்த்தும் சில மூலைகளை நடந்தும் குறிப்பது முற்றிலும் தடுக்கப்பட்டது. செயற்கைக்கோள் படம் சில மீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தால் மொத்த வயலும் சேர்ந்து நகருமே தவிரப் பரப்பு மாறாது. இரண்டையும் கலந்தால்தான் வயல் கோணலாகும்.

சேமிப்பில் வெளிப்பட்டது

திருத்திய செயலியில் வரைந்த வயலைச் சேமித்துத் திறந்தபோது பரப்பு சில வேளை ஒன்றிரண்டு சென்ட் மாறியது. மூலைகளை, வழித்தடங்களைச் சுருக்கி அனுப்பப் பயன்படும் குறியீட்டு வடிவில் முந்தைய குழு சேமித்திருந்தது. அந்த வடிவம் டிகிரியின் ஐந்தாவது தசம இடத்தோடு நின்றுவிடும். நிலத்தில் அது 1.1 மீட்டர். சாலையில் ஓடும் வண்டிக்கு அது போதும், வரப்புக்குப் போதாது. ஏழு தசம இடங்களோடு, வரைபட வடிவங்களை எழுத்தாகச் சேமிக்கும் ஜியோஜேசன் வடிவத்துக்கு மாற்றினார்கள்.

மாற்றியதும் வயல்கள் எல்லாம் வரைபடத்திலிருந்து மறைந்தன. ஜியோஜேசனுக்கான தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 7946, தீர்க்கரேகையை முதலில் எழுதச் சொல்கிறது. கூகுள் மேப்ஸ் எஸ்டிகே அட்சரேகையை முதலில் கேட்கிறது. 79 டிகிரி தீர்க்கரேகை அட்சரேகையாகவும் செல்லுபடியாகும் எண் என்பதால் எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை. மன்னார்குடிப் பக்கத்து வயல்கள் ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்டு தீவுகளின் கரையோரம் போய் நின்றிருந்தன. தமிழ்நாடு முழுவதும் தீர்க்கரேகை 90-க்குக் கீழே இருப்பதால், இந்த இடமாற்றத்தை நூலகம் எப்போதும் பிடிக்காது. ஆகவே, மாநில எல்லைக்கு வெளியே விழும் எந்த மூலையையும் மறுக்கும் ஒரு சோதனை சேர்க்கப்பட்டது.

கிராமம் முழுவதையும் ஒரே திரையில் காட்டும்போது பழைய கைப்பேசிகள் திணறியதும் இதே சமயத்தில் சரிசெய்யப்பட்டது. திரையில் தெரியும் வயல்களை மட்டும் வரைவது, ஜூம் குறையும்போது தேவையற்ற மூலைகளை டக்ளஸ்-பூக்கர் முறையில் நீக்குவது ஆகிய வழக்கமான வழிகளே போதுமானவையாக இருந்தன. எளிமையாக்கிய வடிவம் காட்சிக்கு மட்டுமே, பரப்பு எப்போதும் மூல வடிவத்திலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்பது நிரலில் கண்டிப்பாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

பின்விளைவு

தாளடிப் பயிருக்குத் தெளிப்பு தொடங்குமுன் வயல்கள் அனைத்தும் மறுபடி வரையப்பட்டன. பரப்பு பற்றிய புகார்கள் பெருமளவு அடங்கின. மருந்து மீதமாவது குறைந்ததை ஓட்டுநர்களே முதலில் சொன்னார்கள். முதியவரின் ரசீதில் 32 சென்ட் வந்தபோது, ஒரு சென்ட் குறைகிறதே என்று அவர் கேட்டார் என்றும், வரப்புக்குக் காசு இல்லை என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார் என்றும் ஓட்டுநர் தெரிவித்தார்.

எதிர்பாராத இரண்டும் நடந்தன. சிறிய வயல்களின் பரப்பு இறங்கியதால் ஓட்டுநர்களின் ஊக்கத்தொகையும் இறங்கியது. வயலுக்கு வயல் இறங்கி ஏறும் உழைப்போ குறையவில்லை. அவர்கள் தெளிப்பை நிறுத்திவிட்டுப் பேச்சுக்கு வந்தார்கள். சிறு வயல்களுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றை நிறுவனம் ஒப்புக்கொண்டது.

மற்றொன்று இதைவிட உறுத்தலானது. உறுப்பினர் ஒருவர் தம் வயலின் படத்தைத் திரைப்பதிவு எடுத்து, பக்கத்து வயல்காரரோடு இருந்த வரப்புத் தகராறில் ஆதாரமாகக் காட்டினார். உள்ளடியில் கோடு போட்டிருந்ததால் இரு வயல்களுக்கும் இடையே ஒரு வெற்றுப் பட்டை படத்தில் தெரிந்தது. அது யாருடையது என்று பேச்சு முற்றியது. கிராம நிர்வாக அலுவலரிடம் போய், நில அளவையர் வந்து புலப்படத்தைப் பார்த்துக் கல் காட்டிய பிறகே அடங்கியது. அதன்பின் ஒவ்வொரு வயல் படத்தின்மேலும் ‘தெளிப்புக் கணக்குக்கு மட்டும், நில எல்லை அன்று’ என்ற வரி குறுக்கே அச்சாகிறது. அடுத்தவர் வயல்கள் உறுப்பினரின் திரையில் இப்போது தெரிவதில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதுபோன்ற செயலியை இனித் தொடங்கும் குழு, நிரல் எழுதுமுன்பே அளவில் வேறுபட்ட சில வயல்களை டேப்பால் அளந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெளியீட்டையும் அவற்றோடு ஒப்பிட வேண்டும். மிகச் சிறிய வயல் அந்தப் பட்டியலில் இருந்தாக வேண்டும். ஐந்து ஏக்கர் வயலை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இங்கு நடந்த எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

ஒவ்வொரு பலகோணத்தோடும் அது எந்த முறையில், எந்த ஜூமில், எந்தக் கைப்பேசியில் வரையப்பட்டது என்பதையும் பதிந்து வைக்க வேண்டும். பழைய பதிவுகளில் அது இல்லாததால், திருத்தத் தேவையான வயல்களைப் பிரித்தெடுக்க முடியாமல் அனைத்தையும் மறுபடி வரைய நேர்ந்தது. சோதனை ஓட்டுநர்களின் கைப்பேசியிலேயே நடக்க வேண்டும் என்பதையும் இதனோடு சேர்க்கலாம்.

கூட்டிக் காட்டிய பரப்புக்கு வாங்கிய கட்டணத்தை, மறுஅளவில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்த வயல்களுக்கு மட்டும் அடுத்த தெளிப்பில் கழித்துக்கொள்வதாக நிறுவனம் தீர்மானித்திருக்கிறது. குத்தகைதாரர் மாறிவிட்ட வயல்களில் அந்தத் தொகை யாருக்குச் சேர வேண்டும் என்பது இதை எழுதும்வரை முடிவாகவில்லை.